ஐந்து கால் சிப்பும் ஒரு துளி ஈயமும்: மலிவு வோல்டேஜ் பலகையைப் பழுதுபார்ப்பது எப்படி

தைப்பூசம் நெருங்க நெருங்க, பினாங்கில் ஒரு சின்ன நீலப் பலகைக்குக் கிராக்கி கூடிவிடும். காவடியில் சுற்றும் வண்ண விளக்குப் பட்டை 5 வோல்ட்டில் எரியும். காவடியோடு கட்டிய பேட்டரியோ 12 வோல்ட். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து பன்னிரண்டை ஐந்தாக்கித் தருவதுதான் அந்தப் பலகையின் வேலை. தீப்பெட்டியை விடச் சின்னது, இணையக் கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். விலைக்கு ஏற்ற மாதிரி, மொத்தமாக வாங்கினால் ஒன்றிரண்டு சொதப்பும். சிலது வேலையே செய்யாது. சிலது 5 வோல்ட் தருவதற்குப் பதிலாக முழு 12 வோல்ட்டையும் விளக்குக்குள் தள்ளி, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்ச் சேருமுன்பே பட்டையைக் கருக்கிவிடும்.

இப்படிச் சொதப்பும் பலகையில் சிப் செத்துவிட்டது என்றுதான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் சிப் நன்றாக இருந்து, அதன் கால் மட்டும் பலகையில் சரியாக ஒட்டாமல் இருப்பதும் உண்டு. அப்படியானால் ஒரு துளி சால்டரிங் ஈயம் போதும். எந்தக் கால் ஒட்டவில்லை என்பதைப் பலகை நடந்துகொள்ளும் விதத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். அதற்கு ஒவ்வொரு காலும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. நான் சொல்வது பேட்டரியிலோ 12 வோல்ட் அடாப்டரிலோ ஓடும் பலகையைப் பற்றி மட்டும். சுவரில் நேரடியாகச் செருகும் அடாப்டரைத் திறக்காதீர்கள். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். அதை நேர்மின்சாரமாக்கினால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் ஏறி நிற்கும். செருகியைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் அப்படியே இருக்கலாம். அதில் கைவைத்துப் பழகுவது ஆரம்பநிலை வேலை இல்லை. சுவர் அடாப்டர் கெட்டால் சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ள புதியது ஒன்றை வாங்கிவிடுங்கள்.

பலகைக்குள் என்ன நடக்கிறது

கடைகளில் அதிகம் கிடைப்பது எல்எம்2596 என்ற சிப்பை வைத்துச் செய்த பலகை. இந்தச் சிப்பை வடிவமைத்தது அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம். 2011-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அதை வாங்கிவிட்டது. பினாங்குக்காரர்களுக்கு நேஷனல் பழக்கமான பெயர்தான். 1970-களில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு முதலில் வந்த நிறுவனங்களில் இன்டெலோடு சேர்த்து இதுவும் ஒன்று. ஆனால் மலிவுப் பலகையில் இருக்கும் சிப்பில் அந்த எண் அச்சிட்டிருப்பதால் மட்டும் அது அசல் என்று நம்பிவிட வேண்டாம். இந்த எண்ணில் போலிகள் நிறைய உலவுகின்றன.

12 வோல்ட்டை 5 ஆக்குவதற்கு எளிய வழி, மிச்சமுள்ள 7 வோல்ட்டைச் சூடாக எரித்துவிடுவது. பழைய ரகச் சிப்புகள் அதைத்தான் செய்தன. 1 ஆம்பியர் ஓடினால் 7 வாட் வெறும் சூடாகப் போகும், சிப்பைத் தொட முடியாது, பேட்டரியும் வீண். எல்எம்2596 வேறு மாதிரி வேலை செய்கிறது. மின்சாரத்தை அடைத்துக் குறைக்காமல், முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறது, வினாடிக்கு ஒன்றரை லட்சம் தடவை. குழாயை முழுக்கத் திறந்து, உடனே மூடி, மறுபடி திறந்து என்று ஒரு தொட்டியில் நீர்மட்டத்தை ஒரே அளவில் வைத்திருப்பது போலத்தான். பன்னிரண்டிலிருந்து ஐந்து வேண்டுமென்றால், நேரத்தில் ஏறக்குறைய 42 விழுக்காடு திறந்திருக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் அந்த மின்சாரத்தைச் சீராக்குவது பக்கத்தில் இருக்கும் காயிலும் (கம்பிச் சுருள்) கெப்பாசிட்டரும். சிப் மூடியிருக்கும் நேரத்தில் காயிலில் ஓடும் மின்சாரம் அறுந்துவிடாமல் சுற்றி வர வழி விடுவது எஸ்எஸ்34 என்ற கறுப்பு டையோடு. இந்த முறையில் 80 விழுக்காடு அளவுக்கு மின்சாரம் உருப்படியாகப் போய்ச் சேரும்.

சரி, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று சிப்புக்கு யார் சொல்வது? அதற்குத்தான் நான்காவது கால். வெளியே போகும் வோல்டேஜின் ஒரு பகுதி அந்தக் காலுக்குத் திரும்பி வருகிறது. அங்கே 1.23 வோல்ட் இருக்க வேண்டும் என்பது சிப்புக்குள் எழுதிவைத்த கணக்கு. குறைந்தால் கூடுதல் நேரம் திறக்கும். கூடினால் குறைவாகத் திறக்கும். நான்காவது காலுக்கு எவ்வளவு பங்கு வர வேண்டும் என்பதை முடிவுசெய்வது பலகையில் இருக்கும் நீலப் பெட்டி (மின்தடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ரெசிஸ்டர்), அதன் தலையில் உள்ள பித்தளைத் திருகு, அப்புறம் மிளகை விடச் சின்ன, அளவு மாறாத ஒரு ரெசிஸ்டர்.

திருகைத் திருப்பினாலும் ஒன்றும் மாறவில்லையா?

இந்த ஒரு குழப்பத்தால் எத்தனையோ நல்ல பலகைகள் குப்பைக்குப் போகின்றன. ஆகவே சால்டரிங் கம்பியைச் சூடாக்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

என்னிடம் இருக்கும் பலகையில் அந்தச் சின்ன ரெசிஸ்டரில் 331 என்று எழுதியிருக்கிறது; 33-க்குப் பின்னால் ஒரு சுழி, அதாவது 330 ஓம். நீலப் பெட்டி 10,000 ஓம், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக 25 சுற்று. வெளியே வரும் வோல்டேஜைக் கணக்கிடுவது எளிது: திருகின் ஓமை 330-ஆல் வகுத்து, 1 கூட்டி, 1.23-ஆல் பெருக்க வேண்டும். திருகு கடைசி முனையில், 10,000 ஓமில் நின்றால் 38 வோல்ட்டுக்கும் மேல் வருகிறது. பேட்டரியில் இருப்பதோ 12. இல்லாததைச் சிப் எங்கிருந்து கொடுக்கும்? இருப்பதை முழுக்கத் திறந்து விட்டுவிடும். 5 வோல்ட்டுக்குத் தேவையான அளவு வெறும் 1,000 ஓம் சொச்சம்தான், அதாவது மறு முனையிலிருந்து இரண்டரைச் சுற்று. சிப்பைத் தாண்டி வரக்கூடியது 12-க்குக் கொஞ்சம் கீழேதான்; பதினோரு வோல்ட்டுக்கு ஆறரைச் சுற்று. ஆக, 25 சுற்றில் பதினெட்டு சுற்று வரை 12 வோல்ட் பேட்டரியோடு எந்த மாற்றமும் தெரியாது.

பலகை கடையிலிருந்து வரும்போது திருகு நடுவில் நின்றால்கூட, ஐந்தாறு சுற்று திருப்பிய பிறகுதான் வெளியே போகும் வோல்டேஜை அளக்கும் மல்டிமீட்டர் அசையும். நாலு சுற்று திருப்பிப் பார்த்துவிட்டு, "ரோசாக்" என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். இடப் பக்கமாக, பொறுமையாக, மீட்டரைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். முனைக்கு வந்துவிட்டால் மெல்லிய 'கிளிக்' சத்தம் கேட்கும். வோல்டேஜ் இறங்கத் தொடங்கிவிட்டால் பலகையில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் மாறும்; ஆகவே ஐந்தை நெருங்கும்போது கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று போங்கள். விளக்கை அதுவரை இணைக்காதீர்கள்.

ஒவ்வொரு காலும் ஒவ்வொரு அறிகுறி

அப்படியும் சரிவரவில்லை என்றால் சிப்பைப் பார்ப்போம். எழுத்து நேராகத் தெரியும்படி, கால்கள் உங்களை நோக்கி இருக்கும்படி பலகையைப் பிடியுங்கள். இடமிருந்து வலமாக ஐந்து கால். முதல் கால் பேட்டரியிலிருந்து உள்ளே வரும் வழி, இரண்டாவது வெளியே போகும் வழி, மூன்றாவது தரை (பேட்டரியின் மைனஸ்), நான்காவது மேலே சொன்ன கணக்குப் பார்க்கும் கால், ஐந்தாவது சிப்பை நிறுத்தி வைக்கும் சுவிட்ச். சிப்பின் முதுகுப் பக்கம் பெரிய உலோகத் தகடு பலகையோடு ஒட்டியிருக்கும். அதுவும் தரைதான், சூடு இறங்குவதும் அதன் வழியாகத்தான்.

முதல் கால் அல்லது இரண்டாவது கால் பலகையிலிருந்து விட்டிருந்தால் வெளியே ஒன்றும் வராது. பேட்டரி பக்கம் 12 வோல்ட் காட்டும், மறுபக்கம் சுழியம். இது புரிந்துகொள்ளக் கஷ்டமில்லாத கோளாறு, ஆபத்தும் இல்லை.

ஐந்தாவது கால் விட்டிருந்தால்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இந்தப் பலகையில் அது தரையோடு சேர்த்திருக்கும். சேராமல் தனியாக நின்றாலும் சிப் ஓடிக்கொண்டே இருக்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். மூன்றாவது காலும் அப்படித்தான், தகடு அதற்குப் பதிலாக வேலை பார்த்துவிடும்.

ஆனால் அந்தத் தகடே சரியாக ஒட்டாவிட்டால் வருகிற கோளாறு கொஞ்சம் ஏமாற்றும். பலகை நன்றாகத் தொடங்கும். விளக்கு எரியும். சில நிமிடம் கழித்து அணையும். கழற்றி வைத்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால் மறுபடி எரியும். சூடு இறங்க வழியில்லாமல் சிப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது, ஆறியதும் விழித்துக்கொள்கிறது. பேட்டரி கோளாறு, வயர் கோளாறு என்று எதையெதையோ மாற்றிப் பார்ப்பார்கள்; தகட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் ஒன்று, அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தாலும் இதே மாதிரி நடக்கும். ஒரு மீட்டர் நீளத்தில் 60 விளக்கு உள்ள பட்டையை, ஒரு மீட்டர் அளவுக்கு முழு வெள்ளையில் எரியவிட்டால் 3.6 ஆம்பியர் வரை கேட்கும். சிப்பின் உச்சமே 3 ஆம்பியர்தான், அதுவும் நல்ல சூட்டுத் தகடு பொருத்தினால். இந்தச் சின்னப் பலகையை ஒன்றரை ஆம்பியருக்கு மேல் நான் நம்ப மாட்டேன்.

ஆபத்தானது நான்காவது கால். அது விட்டுவிட்டால் வெளியே எவ்வளவு போகிறது என்று சிப்புக்குத் தெரியாது. பொதுவாக, வோல்டேஜ் குறைவாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு முழுதாகத் திறந்துவிடும். திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் 12-க்குக் கொஞ்சம் கீழே மீட்டர் அசையாமல் நிற்கும். நீலப் பெட்டியின் கால் விட்டிருந்தாலும் இதே கதைதான். அந்த 330 ஓம் ரெசிஸ்டர் விட்டிருந்தால் மட்டும் தலைகீழ்: வோல்டேஜ் ஒன்றேகால் அளவுக்கு இறங்கி அங்கேயே நிற்கும்.

சிப் உண்மையிலேயே செத்திருந்தாலும் முழு வோல்டேஜ் வரலாம் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் போடும் நிலையில் வைத்து, உள்ளே வரும் பிளஸ்ஸையும் வெளியே போகும் பிளஸ்ஸையும் தொட்டுப் பாருங்கள். விடாமல் பீப் அடித்தால் சிப்புக்குள் இருக்கும் சுவிட்ச் உருகி ஒன்றாகிவிட்டது. எத்தனை தடவை ஈயம் வைத்தாலும் பிழைக்காது. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் சிப் சாவதுண்டு, இந்தப் பலகையில் அதற்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பீப் அடிக்கவில்லை என்றால் நம்பிக்கை உண்டு.

விட்ட காலைக் கண்டுபிடிப்பது

பார்த்தே சொல்லலாம் சில நேரம். கைப்பேசி கேமராவை நெருக்கி, விளக்கை ஒரு பக்கத்திலிருந்து சாய்த்து அடித்துப் பாருங்கள். நல்ல ஒட்டில் ஈயம் காலின் மேல் ஏறி, கீழே பலகைப் பக்கம் சரிந்து விரிந்திருக்கும். கெட்ட ஒட்டில் ஈயம் உருண்டையாகத் தனியே நிற்கும், அல்லது காலைச் சுற்றி முடி போல ஒரு கறுப்புக் கோடு ஓடும். ஈயம் மங்கலாக இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். காரீயம் கலக்காத ஈயம் இயல்பாகவே மங்கல்தான்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் மீட்டர். ஒரு முனையைச் சிப்பின் நான்காவது காலில், உடலை ஒட்டிய மேல் பகுதியில் வையுங்கள். மறு முனையை 330 ஓம் ரெசிஸ்டரின் எந்தப் பக்கம் அந்தக் காலோடு சேருகிறதோ அங்கே வையுங்கள். இங்கேதான் ஒரு நுணுக்கம்: காலை அழுத்தக் கூடாது. அழுத்தினால் விட்டுப்போன கால் கீழே இறங்கிப் பலகையைத் தொடும், மீட்டர் 'எல்லாம் சரி' என்று பீப் அடிக்கும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். பட்டும் படாமல் தொடும்போது சத்தமில்லை, லேசாக அழுத்தினால் சத்தம் வருகிறது என்றால் கால் அதுதான்.

ஈயம் வைப்பது

ஒரு காலின் மையத்திலிருந்து அடுத்த காலின் மையத்துக்கு 1.7 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. இப்போதைய கைப்பேசிச் சிப்புகளோடு ஒப்பிட்டால் இது தாராளம், புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தோதான அளவு. சூட்டை மாற்றி வைக்கும் வசதியுள்ள 60 வாட் சால்டரிங் கம்பி, காரீயம் கலந்த 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்), கொஞ்சம் ஃப்ளக்ஸ், அதிகப்படி ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல், இவ்வளவுதான் சாமான். கோலாலம்பூரில் புடு பக்கம் ஜாலான் பாசார் கடைகளில் எல்லாம் கிடைக்கும்.

63/37 ஈயம் 183 டிகிரியில் உருகும். காரீயம் இல்லாததற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். கம்பியை 350-இல் வையுங்கள். ஏன் இவ்வளவு கூட என்றால், பலகையின் செம்பு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

காலின் மேல் ஃப்ளக்ஸ் தடவுங்கள். அது செம்பின் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தை நீக்குகிறது. அந்தப் படலம் இருக்கும் வரை ஈயம் வழுக்கி உருண்டையாகத்தான் நிற்கும், ஒட்டாது. கம்பி நுனியில் ஒரு பொட்டு ஈயம் எடுத்து, காலும் பலகைச் செம்பும் சேரும் இடத்தில், இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும்படி வையுங்கள். இரண்டு மூன்று வினாடி. பழைய ஈயம் சட்டென்று பளபளவென மாறும். அப்போது புது ஈயத்தைக் காலுக்குக் காட்டுங்கள், கம்பிக்கு அல்ல. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வருடக்கணக்காக இந்த வேலை பார்த்த எங்கள் தாமான் (குடியிருப்பு) அக்கா ஒருவர் பையன்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான். ஈயம் சூட்டைத் தேடி ஓடும். கால் சூடாக இருந்தால் காலில் ஏறும், கம்பி மட்டும் சூடாக இருந்தால் கம்பியோடு திரும்பி வந்துவிடும். ஈயம் காலில் ஏறியதும் கம்பியை எடுங்கள். ஈயம் இறுகும் வரை பலகையை ஆட்டக் கூடாது, ஊதவும் கூடாது.

தகட்டுக்கு இந்த அவசரம் உதவாது. பெரிய செம்புப் பரப்பு என்பதால் நுனி கூரான கம்பி அங்கே தோற்றுவிடும். அகலமான நுனியைப் போட்டு, சூட்டை 380-க்கு ஏற்றி, தகட்டின் ஓரத்தில் நிறைய ஃப்ளக்ஸோடு வைத்துக் காத்திருங்கள். ஓரத்தில் இருக்கும் ஈயம் முழுவதும் ஒரே நேரத்தில் இளகி, உள்ளே இழுபடுவதைப் பார்க்கலாம். சிப்பைத் தள்ளாதீர்கள், நகர்ந்தால் ஐந்து காலும் கோணிவிடும். சூட்டுக் காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பக்கத்திலுள்ள உருளைக் கெப்பாசிட்டர்களை அலுமினியத் தாளால் மூடிவிட்டு அடியுங்கள். அவை சூட்டில் உப்பிவிடும்.

முடிந்ததும் பக்கத்துக் கால்களோடு ஈயம் பாலம் போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். முதல் காலும் இரண்டாவது காலும் ஒட்டினால் பேட்டரி நேரே விளக்குக்குப் போகும். நான்காவது கால் மூன்றோடோ ஐந்தோடோ ஒட்டினால் அது தரையைத்தான் பார்க்கும், சிப் மறுபடி முழுதாகத் திறக்கும். கோளாறை நீக்கப் போய் அதே கோளாறைத் திரும்பக் கொண்டுவந்த கதையாகிவிடும். பாலம் இருந்தால் செம்புப் பின்னலை அதன் மேல் வைத்துக் கம்பியால் அழுத்துங்கள், உறிஞ்சிக்கொள்ளும். ஃப்ளக்ஸ் பிசுபிசுப்பை ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்து எடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சில வகை ஃப்ளக்ஸ் அரிப்பை உண்டாக்கும். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். காரீயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ரொட்டி சானாயில் வைக்காதீர்கள்.

மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது

நேராகப் பேட்டரியில் மாட்டிவிட வேண்டாம். மோட்டார் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 21 வாட் பிரேக் பல்பு ஒன்றைப் பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் பலகைக்கும் நடுவே தொடராகச் சேருங்கள். பலகைக்குள் எங்காவது நேரடியாக ஒட்டிக்கொண்டிருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், புகை வராது. எரியாமல் இருந்தால் வெளியே வரும் வோல்டேஜை அளந்து, திருகைத் திருப்பி 5-க்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் பல்பை எடுத்துவிட்டு, 10 ஓம், 10 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டரை விளக்குக்குப் பதிலாக மாட்டுங்கள். 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டு அளந்து பாருங்கள். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், கை வைக்காதீர்கள். வோல்டேஜ் ஐந்திலேயே நின்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பலகையின் ஓரத்தை ஒரு மரக்குச்சியால் லேசாகத் தட்டுங்கள், சிப்பைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்துங்கள். மீட்டர் துள்ளினால் இன்னும் ஏதோ ஒரு கால் சரியாகப் பிடிக்கவில்லை. காவடி ஆடும்போது அது கண்டிப்பாக விடும், ஆகவே அதையும் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

எல்லாக் காலையும் தொட்டுவிட்டீர்கள், பாலமும் இல்லை, ரெசிஸ்டரும் திருகும் சரி, ஆனாலும் முழு 12 வோல்ட்தான் வருகிறது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். சிப்பை மட்டும் மாற்றலாம்தான், ஆனால் தனிச் சிப் வாங்கும் காசுக்குப் புதுப் பலகையே வந்துவிடும். பழையதிலிருந்து காயிலையும் டையோடையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த பலகையில் டையோடு போனால் உதவும். விளக்குக்குப் போகும் வயரில் எந்தப் பலகையை வைத்தாலும், பேட்டரி பக்கம் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.